பழைய மோட்டார் வண்டியின் பிணியறிதல்

நமது கலாசாலைச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதிக்கு ஏதேனும் எழுதித் தருதல் வேண்டுமென்று ஆசிரியர் குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, இலக்கியம் பற்றியோ சரித்திரம் பற்றியோ யாம் எழுதுவோமென்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆயின் நெடு நாளாக எம் சிந்தையை நிறைத்திருப்பது ஒரு பழைய மோட்டார் வண்டியே. அதனை விடுத்துப் பிறிதொன்றைப் பற்றி எழுதுவோமாயின் அது கடனுக்கு எழுதியதாகவே முடியும். எம்மிடம் பௌதிகப் பாடங் கேட்ட மாணவர்கள் இதனைப் படிக்க நேரின், சோதனைச் சாலையில் தங்களுக்கு ஓயாது வற்புறுத்திய விதிகளை அவ்வாசிரியரே எவ்வாறு காற்றிற் பறக்கவிட்டார் என்பதைக் கண்டு சிறிது மகிழ்தலுங் கூடும். அம்மகிழ்ச்சிக்கு அவர்கள் உரிமையுடையவர்களே.

எம் வண்டி, 1977 ஆம் ஆண்டில் வங்காளத்து உத்தரபாராத் தொழிற்சாலையினின்றும் வெளிவந்த மூன்றாம் மார்க் அம்பாஸடர். இங்கிலாந்து தேயத்து மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் மூன்றாம் வரிசையை முன்மாதிரியாகக் கொண்டு 1950-களின் பிற்பகுதியில் தோன்றிய இக்குலம், 2014 ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியதோடு முடிவெய்திற்று. 1489 கன சென்டிமீட்டர் அளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சினும், முக்காலிமேல் ஏறி அமர்வதுபோன்ற உயர்ந்த ஆசனங்களும், கையால் தட்டினால் குடம்போல் ஒலிக்கும் தகடும் உடையது. எம் தந்தையார் இதனை 1989-ல் இரண்டாங் கையாக வாங்கினார். உபாத்தியாயர் ஒருவருக்கு அக்காலத்தில் அது பெருஞ் செலவு. அவர் 2021-ல் காலஞ்சென்றபின் வண்டி எம் பொறுப்பில் வந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடுமாறு கூறியவர்கள் பலர். எம் தாயார் மட்டும் போடு என்றும் சொல்லவில்லை, வைத்திரு என்றும் சொல்லவில்லை. மாலைவேளைகளில் அதன் முன் ஆசனத்திற் சென்று சிறிது நேரம் அமர்ந்திருப்பார். அது போதுமான கட்டளையென்று யாம் கொண்டோம்.

இவ்வண்டிக்கு முப்பதாண்டுகளுக்கு மேலாக வைத்தியம் பார்த்தவர் பாளையங்கோட்டையில் வேப்பமரத்து நிழலில் ஒரு தகரக் கொட்டகை வைத்திருக்கும் பெரியவர். அவர் பெயரை ஈண்டு எழுதுதலை அவர் விரும்பார். யாம் அவரை அண்ணாச்சி என்றழைப்போம். அவர் எம் தந்தையாரைச் சார்வாள் என்றும், எம்மைத் தம்பி என்றும் அழைப்பார். அகவை எழுபதைக் கடந்துவிட்டமையால் கை சிறிது நடுங்கும். ஆதலின் தாம் ஒரு முக்காலியில் அமர்ந்துகொண்டு, தம் பேரப்பிள்ளையைக் கொண்டு வேலை செய்விப்பார். கண்ணும் காதும் மூக்கும் அவருடையவை. கை மட்டும் பேரனுடையது.

2025 மார்ச்சு மாதத்தில், விடுமுறை நாளொன்றில், வண்டிக்குச் சில்லறைப் பராமரிப்பை யாமே செய்வோமென்னும் ஆசை எமக்குத் தோன்றிற்று. பௌதிகம் கற்பிப்பவர்க்கு ஒரு டிஸ்ட்ரிபியூட்டரைத் திறத்தல் பெரிதோ! கைப்பேசி வழியே புதிய பிளக்குகள் நான்கு, பாயிண்ட் ஒரு ஜோடி, கண்டென்சர் ஒன்று ஆகியவற்றை வரவழைத்து, ஒரே பிற்பகலில் அனைத்தையும் மாற்றி முடித்தோம். வண்டி கிளம்பிற்று. எமக்கு உண்டான பெருமிதத்தை எழுத்தால் உணர்த்தல் அரிது. பழைய கண்டென்சரை ஒரு துண்டுத்தாளில் மடித்து முன்பலகைப் பெட்டியில் எறிந்துவிட்டு, இதைப்பற்றி அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தையும் சொல்லாதிருந்தோம்.

ஏப்ரல் இறுதியில் வண்டி ஒருநாள் நடுவழியில் நின்றது; அரைமணி கழித்துத் தானே கிளம்பிற்று. யாம் அதற்கு ஒரு காரணங் கண்டுபிடித்தோம். அக்காரணம் மிகவும் அழகியது, படித்தவர்களுக்கே தோன்றக்கூடியது. அம்பாஸடரின் பெட்ரோல் பம்பு எஞ்சினின் விலாவிற் பொருத்தப்பெற்ற ஒரு சிறு கிண்ணம். அதனுள் ரப்பரிட்ட துணியாலாகிய ஒரு டயாஃப்ரம் மேலும் கீழும் அசைந்து, பின்புறத்துத் தொட்டியினின்றும் பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும். கடுங்கோடையில் எஞ்சினின் வெப்பத்தால் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடின், பம்பு அவ்வாவியை அமுக்கியும் விரித்தும் வீணே உழைக்குமேயன்றி ஒரு துளியையும் மேலேற்றாது. இதனை ஓட்டுநர்கள் ஏர்லாக் என்பர். இஃதோடு, பெட்ரோலில் எத்தனாலை நூற்றுக்கு இருபது பங்கு கலந்து விற்கும் வழக்கம் 2025 ஆம் ஆண்டளவில் நாடெங்கும் பரவிவிட்டது. அச்சாராயம் பழங்காலத்து ரப்பரை ஊறவைத்துக் கெடுக்க வல்லது. ஆகவே டயாஃப்ரம் கெட்டது, ஆகவே பம்பு தளர்ந்தது, ஆகவே வண்டி நின்றது. மூன்று ஆகவேகளும் சங்கிலிபோல் கோத்துக்கொண்டன.

அண்ணாச்சியிடம் சென்று டயாஃப்ரத்தை மாற்றித் தருமாறு கூறினோம். அவர், "வண்டியில் வேறு எதையாவது தொட்டீர்களா, தம்பி?" என்று கேட்டார்.

"ஒன்றையும் தொடவில்லை, அண்ணாச்சி" என்றோம்.

வைத்தியரிடம் பொய் சொல்லும் நோயாளியைப் பற்றி யாம் பலமுறை நகைத்திருக்கிறோம். அவர் எம்மைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, பேரனிடம் டயாஃப்ரத்தை மாற்றச் சொன்னார். அறுநூறு ரூபாய் பெற்றுக்கொண்டார்.

நிற்க. மே மாதத்தின் இடையில், எம் தாயாரின் தமக்கையார், எமக்குப் பெரியம்மா முறையினர், நாசரேத்தில் காலமாயினர். அன்று மாலை நான்கு மணிக்கு அடக்கமென்று காலையிற் செய்தி வந்தது. தாயாரை முன் ஆசனத்தில் அமர்த்திக்கொண்டு பகல் பன்னிரண்டரை மணிக்குப் பாளையங்கோட்டையினின்றும் புறப்பட்டோம். திருச்செந்தூர் நெடுஞ்சாலையிற் செய்துங்கநல்லூரைக் கடந்து சிறிது தூரஞ் சென்றதும் எஞ்சின் இரண்டு மூன்று முறை இருமி நின்றது.

ஏர்லாக் என்று உறுதியாகத் தெரிந்தவர்களாதலால் யாம் கலங்கவில்லை. துண்டை நனைத்துப் பம்பின்மேற் சுற்றினோம். நாற்பது நிமிடங் காத்திருந்தோம். கிளம்பிற்று! எம் கொள்கை மெய்ப்பிக்கப்பட்டது. கருங்குளத்தைத் தாண்டியதும் மறுபடியும் நின்றது, மறுபடியும் ஈரத்துணி, இம்முறை ஒரு மணி நேரம். அப்பொழுது திருச்செந்தூர்ப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக எம்மைக் கடந்து சென்றுகொண்டிருந்தன. "பஸ்ஸில் ஏறிப் போய்விடுவோமே, ஐயா" என்றார் தாயார். "இதோ கிளம்பிவிடும், அம்மா" என்றோம். அவர் மறுமுறை சொல்லவில்லை. ஆழ்வார்திருநகரிக்கு இப்பால் மூன்றாம் முறை நின்றபொழுது மணி மூன்றேகால். வாழைத் தோட்டத்தின் ஓரத்தில், வெயிலில் வெந்த தார்ச்சாலையில், ஈரத்துண்டு பம்பின்மேற் காய்ந்து காய்ந்து மீண்டும் நனைந்தது. யாம் எதை நம்பி அங்கே நின்றோமென்று இப்பொழுது எண்ணினால், வண்டியை நம்பியன்று, எம் கொள்கையை நம்பியே நின்றோமென்று தெரிகிறது. பேருந்தில் ஏறுவோமாயின் அக்கொள்கை பொய்யென்று ஒப்புக்கொள்வதாகுமன்றோ!

நாசரேத்தை அடைந்தபொழுது மணி ஐந்தாகியிருந்தது. மண் மூடியாயிற்று. எம் தாயார் அப்புது மண்ணின் அருகே நின்றார். எம்மை ஒன்றுஞ் சொல்லவில்லை. திரும்பும்பொழுது தம் தங்கை மகனுடைய வண்டியில் வருவதாகச் சொல்லி அதில் ஏறிக்கொண்டார்.

மறுநாட் காலை யாம் அண்ணாச்சியின் கொட்டகைக்குச் சென்று, அங்கிருந்த நாலைந்து பேர் கேட்கும்படி, பழைய டயாஃப்ரத்தைப் போட்டுவிட்டுப் புதியதென்று பணம் வாங்கினீர் என்று சொன்னோம். இவ்வாக்கியத்தை எழுதுவதா வேண்டாவா என்று பலமுறை தயங்கினோம். எழுதாது விடின் இக்கட்டுரையே வேண்டுவதில்லை. பேரன் சினந்து எழுந்தான். பெரியவர் கையமர்த்தி, மேசையறையினின்றும் அறுநூறு ரூபாயை எடுத்து எம்முன் வைத்தார். "வண்டியை விட்டுவிட்டுப் போகாதீர்கள், தம்பி. இங்கேயே இருந்து பாருங்கள்" என்றார்.

பிறகு அவர் செய்த ஆராய்ச்சியைச் சற்று விரிவாகவே எழுதுகின்றோம். எம் சோதனைச் சாலையிலும் இதனினும் ஒழுங்கான ஒன்றை யாம் கண்டதில்லை.

முதலில் அவர் ஒன்றையும் கழற்றவில்லை. வண்டியை வெயிலில் நிறுத்தி, முன்மூடியைச் சாத்தி, எஞ்சினை ஓடவிட்டுவிட்டுத் தேநீர் வரவழைத்தார். எமக்கும் ஒரு குவளை வந்தது. "நின்ற வண்டியை ஆறவிட்டுப் பார்க்கலாகாது. காய்ச்சல் விட்டபின் நாடி பார்த்து என்ன பயன்? நிற்கட்டும், நின்ற நிமிடத்திலே பார்க்க வேண்டும்" என்றார். முப்பத்தைந்து நிமிடங் கழித்து எஞ்சின் இருமிற்று, நின்றது. அவர் உடனே எழுந்தார்.

பெட்ரோல் எஞ்சின் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டே. ஒன்று, ஆகாரம் இல்லை. மற்றொன்று, நெருப்பு இல்லை. முன்னதை அவர் முதலிற் சோதித்தார். கார்புரேட்டருக்குச் செல்லும் பெட்ரோல் குழாயைக் கழற்றி அதன் வாயை ஒரு கண்ணாடிப் புட்டியினுள் நுழைக்கச் செய்து, சாவியைத் திருப்பச் சொன்னார். எஞ்சின் சுழலச் சுழலப் பெட்ரோல் துடிப்புத் துடிப்பாய்ப் பீறிட்டுப் புட்டியை நிறைத்தது. ஆவியுமில்லை, குமிழியுமில்லை. எம் ஏர்லாக் அவ்விடத்திலேயே உயிர்விட்டது. அவர் மாற்றிய டயாஃப்ரம் நன்றாகவே உழைத்துக்கொண்டிருந்தது என்பதும் அத்துடன் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. எவரும் எம்மைப் பார்க்கவில்லை. அது பார்த்ததைக் காட்டிலும் கொடிதாயிருந்தது.

புட்டியை அப்புறப்படுத்தி, குழாயை மாட்டி, சிந்தியதைத் துடைத்து உலரவிட்ட பின்னரே நெருப்பைச் சோதித்தார். இவ்வொழுங்கு மாறினால் வைத்தியரும் நோயாளியும் ஒருங்கே எரிந்துபோதல் கூடும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுக்கம்பியை உருவி, ரப்பர்ப் பிடியிட்ட குறட்டால் பிடித்து, அதன் நுனியை எஞ்சின் இரும்பிற்குக் கால் அங்குல தூரத்தில் வைத்து எஞ்சினைச் சுழற்றுவித்தார். நல்ல பொறியாயின் நீலமாய்த் தடித்து, சடக்கென்ற ஓசையுடன் தாண்டும். வந்ததோ, மஞ்சளித்த நூல் போன்ற மெலிந்த பொறி. ஒரு முறை வரும், ஒரு முறை வாராது. "ஆகாரம் இருக்கிறது, நெருப்புத்தான் இல்லை" என்றார்.

பின்பு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பேரன் விளக்குப் பிடிக்க, அவர் குனிந்து நோக்கினார். இரு பாயிண்டுகளின் முகமும் கருநீலமாய் எரிந்து, ஒன்றிற் குழியும் மற்றொன்றில் மேடும் விழுந்திருந்தன. அவற்றைப் பிடித்திருக்கும் திருகாணியின் தலை சிதைந்திருந்தது. அவர் நிமிர்ந்து, மிகவும் மெதுவாக, "இது என் கை இல்லையே, தம்பி. நான் மாட்டினால் காமின்மேல் ஒரு பொட்டுக் கிரீஸ் தடவியிருப்பேன்" என்றார்.

யாம் அப்பொழுது எல்லாவற்றையுஞ் சொன்னோம்.

கண்டென்சர் என்பது யாது என்பதை அறியாத மாணவர்க்கு ஒரு சொல். அமெரிக்கராகிய சார்லஸ் கெட்டரிங் என்பவர் 1910 ஆம் ஆண்டளவில் வகுத்த முறையையே இப்பழைய வண்டிகளெல்லாம் பின்பற்றுகின்றன. பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் காயிலின் முதற்சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். பாயிண்ட் திறக்கும் அக்கணத்தில் அவ்வோட்டம் அறுந்து, அறுந்த வேகத்தால் இரண்டாஞ் சுற்றிற் பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாய்ப் பாயும். ஓட்டம் எவ்வளவு சடுதியில் அறுகின்றதோ அவ்வளவு வலிமை பொறிக்கு. ஆயின் பாயிண்ட் திறக்குங்கால் அறுந்த மின்சாரம் அவ்விடைவெளியையே தாண்டிச் செல்ல முயலும். அதனைத் தற்காலிகமாகத் தன்னுள் வாங்கிக்கொள்ளும் சிறு கலயமே கண்டென்சர். சுண்டுவிரல் நுனியளவே இருக்கும். அது பழுதுபட்டால் இரண்டு கேடு ஒருங்கே விளையும்: பிளக்கிற் பொறி மெலியும், பாயிண்டில் தீப்பற்றி அது கருகும். எஞ்சின் நிமிடத்திற்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றுமாயின், நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு நூறு பொறி வேண்டும். நூறு முறையும் அக்கலயம் தன் வேலையைச் செய்தல் வேண்டும். அதனுள் சுருட்டிவைத்த தகட்டிற்கும் தகட்டிற்கும் இடையிலுள்ள தடுப்பு தரமற்றதாயின், குளிர்ந்திருக்கும்பொழுது ஒழுங்காயிருந்து, சூடேறியதும் கசியும். ஆறினால் மீண்டும் ஒழுங்காகும்.

இப்பொழுது வாழைத் தோட்டத்தின் ஓரத்தில் யாம் செய்த பிழை விளங்கும். ஏர்லாக்கும் சூட்டில் நிறுத்தும், ஆறினால் விடும். கண்டென்சரும் அங்ஙனமே. காயில் கெட்டாலும் பெரும்பாலும் அங்ஙனமே. யாம் ஈரத்துணியையும் சுற்றினோம், நாற்பது நிமிடமும் காத்திருந்தோம். கிளம்பியவுடன் புகழ் முழுதையும் துணிக்கே கொடுத்துவிட்டோம். துணி சுற்றாமலும் ஒருமுறை காத்திருந்து பார்த்தோமா? இல்லை. நின்ற கணத்தில் ஒரு கம்பியை உருவிப் பொறியைப் பார்த்தோமா? அதுவும் இல்லை. முதலாண்டு மாணவனொருவன் இவ்வாறு சோதனை எழுதிக் கொணர்ந்தால், யாம் அத்தாளை முகத்தில் எறியாவிடினும், சிவப்பு மையிற் கோடாவது இழுத்திருப்போம்.

"பழைய கண்டென்சர் எங்கே?" என்று அண்ணாச்சி கேட்டார். முன்பலகைப் பெட்டியினின்றும் எடுத்துக் கொடுத்தோம். அவர் அதனை மட்டும் மாட்டச் சொன்னார். கருகிய பாயிண்டைத் தேய்க்கவுமில்லை, மாற்றவுமில்லை. வண்டி மறுபடி வெயிலில் ஓடிற்று. ஒரு மணி நேரமாகியும் நிற்கவில்லை. எமக்கு ஐயந் தீர்ந்தது, பணப்பையை எடுத்தோம். அவரோ, "அந்தப் புதியதை மறுபடியும் மாட்டு" என்று பேரனுக்குச் சொன்னார். மாட்டினர். எஞ்சின் சூடாகவே இருந்தமையால் இம்முறை பதினைந்து நிமிடத்திற்குள் நின்றுபோயிற்று. "எதற்கு, அண்ணாச்சி, இரண்டாம் முறை?" என்று கேட்டோம். "எனக்கு வேண்டியதில்லை. நீங்கள் நம்ப வேண்டுமே" என்றார்.

அதன் பின்னரே பழையதைத் திரும்ப மாட்டி, பாயிண்ட் முகத்தை மெல்லிய அரத்தால் சமன் செய்து, ஃபீலர் கேஜ் என்னும் தகட்டால் இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்திற் பதினைந்து கூறாக அமைத்து, காமின்மேல் அந்த ஒரு பொட்டுக் கிரீஸையும் இடுவித்தார். மேசைமேலிருந்த அறுநூறு ரூபாயை யாம் அவர்பால் தள்ளினோம். அவர் அதனை எண்ணிப் பார்த்து வாங்கி மேசையறையில் வைத்துக்கொண்டார். யாம் கேட்ட மன்னிப்புக்கு, "டாப்பெட் சத்தம் கொஞ்சம் இருக்கிறது. அடுத்த வாரம் கொண்டுவாருங்கள்" என்பதே விடையாயிற்று.

அடுத்த வாரமும், அதற்கடுத்த பல வாரங்களும் யாம் சென்றோம். இப்பொழுது முக்காலியில் அவர். கை பேரனுடையதாதல் மாறி எம்முடையதாயிற்று. டாப்பெட் சரிசெய்யும்பொழுது ஒரு கணக்குச் சொல்லிக்கொடுத்தார். எஞ்சினில் எட்டு வால்வுகள், முதல் வால்வின் இடைவெளியைப் பார்க்க வேண்டுமாயின் எட்டாவது வால்வு முற்றுந் திறந்திருத்தல் வேண்டும், மூன்றாவதற்கு ஆறாவது, ஐந்தாவதற்கு நான்காவது. இரண்டையுங் கூட்டினால் எப்பொழுதும் ஒன்பது. எம் தந்தையாருக்கு இக்கணக்கைச் சொன்ன அன்று அவர் குழந்தைபோல் மகிழ்ந்தாராம்.

தந்தையார் வண்டிக்கென ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருந்ததை அதன் பிறகே தேடியெடுத்தோம். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, ஓடிய தூரம், கண்ட குறி, செய்த வேலை என நான்கு பத்திகள். எம் மார்ச்சு மாத வேலையை அதில் எழுதியிருந்தோமாயின் அண்ணாச்சியின் கேள்விக்கு அப்புத்தகமே விடை கூறியிருக்கும்.

அப்புத்தகத்தில் 1991 ஆம் ஆண்டுக் குறிப்பொன்று எமக்கு மிகவும் பிடித்தது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகுகிறது, சுழலவில்லை. முன்பலகையிலுள்ள சோக் கம்பி மட்டும் கை வைக்க முடியாதபடி சுட்டுப் புகைகிறது! பாட்டரியைக் குறை சொல்லிப் புதியது வாங்கப் புறப்பட்டவரை அண்ணாச்சி தடுத்திருக்கிறார். எஞ்சின் ரப்பர் மெத்தைகளின்மேல் அமர்ந்திருப்பது. ஆதலின் ஸ்டார்ட்டர் மின்சாரம் வண்டியுடலுக்குத் திரும்பிவர ஒரு பின்னற் பட்டை எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கும். அப்பட்டை அரித்து அறுந்துபோயிற்று. திரும்பும் வழி அடைபட்ட மின்சாரம் சோக் கம்பியின் வழியே ஊர்போய்ச் சேர முயன்றது. சில ரூபாய்ப் பட்டை. தப்பிற்று ஒரு பாட்டரி. ஸ்டார்ட்டர் முனகும்பொழுது பாட்டரியின் முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் பூஞ்சையை வெந்நீரால் கழுவித் துடைத்து இறுக்கிவிட்டு, இப்பட்டையையும் ஒருமுறை தொட்டுப் பார்த்த பின்னரே கடைக்குச் செல்லுதல் வேண்டும்.

எஞ்சின் கொதித்தலைப் பற்றிப் பல பக்கங்கள் உள. நின்றால் மட்டும் கொதித்து, ஓடினால் தணியுமாயின் காற்றாடியையும் அதன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். ஓட ஓடக் கொதிக்குமாயின் ரேடியேட்டர் உள்ளே சுண்ணாம்பு படிந்து அடைத்திருக்கும். பாளையங்கோட்டைக் கிணற்று நீரை ஊற்றியவர் அதற்குரிய வரியைக் கட்டியே தீர வேண்டும். ரேடியேட்டரில் ஓயாது குமிழிகள் எழுந்து, எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பாலாடைபோல் வெளுத்துப் படிந்திருக்குமாயின் ஹெட் காஸ்கெட் போயிற்று. அது வீட்டில் செய்யும் வேலையன்று. புகையின் நிறத்தைப் பற்றி எல்லாரும் அறிவர்: கருமை, பெட்ரோல் மிகை, நீலம், எண்ணெய் எரிதல், சூடேறிய பின்னும் நீங்காத வெண்மை, நீர் உள்ளே புகுதல்.

பிரேக்கை மட்டும் யாம் இன்றும் தனியே தொடுவதில்லை. மிதிக்கட்டை மெத்தென்று அமிழ்ந்து, இரண்டாம் முறை மிதித்தால் உயர்ந்து நிற்குமாயின், டிரம்முக்கும் லைனிங்கிற்கும் இடைவெளி பெருகியிருத்தலோ, குழாயிற் காற்றுப் புகுந்திருத்தலோ கூடும். மிதித்துப் பிடித்திருக்கவே மெல்லக் கீழிறங்குமாயின் கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் தேய்வு. கசிவு சக்கரத்தின் உட்புறத்தில் ஈரமாய்த் தெரியும். காற்றை வெளியேற்றுங்கால் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குதல் முறை. அவசரத்திற்கென்று எஞ்சின் எண்ணெயை அங்கே ஊற்றியவர் உண்டு. ரப்பர்கள் யாவும் ஊதிப் பெருத்துப் பிரேக் இறுகிப் பிடித்துக்கொள்ளும், பின்பு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். எஞ்சினில் யாம் தவறினால் வண்டி நிற்கும்; பிரேக்கில் தவறினால் நில்லாது. ஆகவே அவ்வேலையன்று அண்ணாச்சி முக்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொள்வார்.

டிசம்பர் விடுமுறையில், பெரியம்மாவின் கல்லறைக்கு ஒருமுறை சென்று வரலாமா என்று தாயாரைக் கேட்டோம். "எதிலே?" என்றார். "நம் வண்டியிலே" என்றோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, அண்ணாச்சியும் உடன் வருவதாயின் வருவேன் என்றார். அதனை அவரிடம் எவ்வாறு சொல்வதென்று தயங்கிச் சொன்னோம். அவர் நகைத்துவிட்டு, வெள்ளை வேட்டி உடுத்தி, கையில் ஒரு கருவிப்பையுடன் விடியற்காலையில் வந்து சேர்ந்தார்.

மழை பெய்து ஓய்ந்திருந்த காலம். தாமிரபரணிக் கரை நெடுகிலும் வயல்கள் நீர் நிறைந்து கிடந்தன. செய்துங்கநல்லூர் கடந்தது, கருங்குளம் கடந்தது. எவரும் ஒன்றும் பேசவில்லை. ஆழ்வார்திருநகரிக்கு இப்பால், அதே வாழைத் தோட்டத்தின் அருகே, "நிறுத்துங்கள், தம்பி" என்றார் அண்ணாச்சி. எம் நெஞ்சு துணுக்குற்றது. அவர் இறங்கி முன்மூடியைத் திறந்து, ஃபேன் பெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, குனிந்து எதையோ முகர்ந்து, மூடியைச் சாத்திவிட்டு வந்து அமர்ந்தார். "என்னவாம்?" என்று தாயார் பின்னாலிருந்து கேட்டார்.

"ஒன்றுமில்லை, அம்மா. சும்மா பார்த்தேன்" என்றார் அவர்.

நாசரேத்தில் எம் தாயார் கல்லறையின் அருகே அமர்ந்திருந்த அரைமணி நேரமும் அவர் வண்டியை விட்டு அகலவில்லை. திரும்பி வந்தபொழுது, எஞ்சினை ஓடவிட்டு, தலையை ஒருபுறஞ் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவது டாப்பெட் இன்னும் சிறிது பேசுகிறதென்றும், நான்காவது முற்றுந் திறந்திருக்கையில் அதனை மறுபடி பார்க்க வேண்டுமென்றும் எம்மிடஞ் சொன்னார். புத்தகத்தில் அதனை எழுதிக்கொண்டோம்.